மனசு நெதானத்துக்குக் கையால பிரெட் மாவு பிசையறது: நம்மூர் வெயில்ல எப்படிங்க?

நொய்யல்கரை (திருப்பூர்):

ஏனுங்க, கையால மாவு பிசைஞ்சு பிரெட் சுடுறது மனசை நெதானத்துக்குக் கொண்டு வரும்னு பல பேரு சொல்றாங்க. வாரத்துல ரெண்டு நாள், பொழுதோட வேலை முடிஞ்சு வந்த பொறவு இதை ஒரு பழக்கமா வச்சுக்கலாம்னு யோசனை. செல்போன் பக்கம் போகாம கைக்கு ஒரு வேலை வேணும், அவ்வளவுதான். பிரெட் சரியா வரலைன்னா அதுவே புதுசா ஒரு வெசனமாயிருமோங்கறதுதான் தயக்கம்.

இருக்கற சாமான்: 25 லிட்டர் ஓடிஜி (கரண்ட்ல ஓடற சின்ன பேக்கிங் அடுப்பு), 8 இஞ்சுக்கு 4 இஞ்சு டின், கிராம் தராசு. போர் தண்ணி உப்பு, குடிக்க ஆர்ஓ. சித்திரை வெயில்ல சமையல்கட்டு சாயங்காலம் 34 டிகிரி நிக்குது. எவ்வளவு நேரம் பிசையணும்? மாவு கையில ஒட்டுறப்ப என்ன பண்ணணும்? கோவமா இருக்கறப்ப மாவை ஓங்கி அடிச்சுப் பிசைஞ்சா கோவம் எறங்குமா? ராத்திரி 9 மணிக்கு மேல அடுப்பு பத்த வைக்காம முடிக்க வழி இருக்குதுங்களா?


பாலக்காட்டுக்காத்து (கோயமுத்தூர்):

முதல்ல அளவைச் சொல்லீர்றேனுங்க. மைதா 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணி 200 கிராம், உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம், நாட்டுச் சர்க்கரை 10 கிராம், வெண்ணெய் 15 கிராம். பிசைஞ்சு முடிச்சா 530 கிராம் சொச்சம் நிக்கும், உங்க டின்னுக்கு அளவான எடை. மார்கழி, தையில ஈஸ்ட்டை மட்டும் 3 கிராமாக்குங்க. வேற எதையும் தொடாதீங்க. பத்துத் தடவைக்கு இதே அளவுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒவ்வொரு வாட்டியும் புதுசா ஒரு செய்முறை தேடுனா அந்தத் தேடலே செல்போனைத் திருப்பிக் கையில குடுத்துரும். அளவு மனப்பாடமாயிட்டா கை தானா நகரும், கவனம் மாவுகிட்டப் போகும். ஒரே அளவா இருந்தாத்தான் ‘இன்னைக்கு ஏன் வேற மாதிரி வந்துச்சு’ன்னு கண்டுபிடிக்கவும் முடியும். மனசு ஆறுனாப் போதும், பிரெட் எப்படி வந்தா என்னன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அதுல ஒப்புதல் இல்லீங்க. கல்லு மாதிரி வந்த பிரெட்டை ரெண்டு தடவை குப்பையில போட்டா மூணாவது தடவை மாவு டப்பாவைத் திறக்கவே மனசு வராது. பிரெட் நல்லா வர்றதுதான் இந்தப் பழக்கத்தை நிக்க வைக்கும்.

நம்மூர்ல பாதிப் பேருக்குப் பிரெட் கெடுறது சூட்டாலதான். பிசைஞ்சு முடிக்கறப்ப மாவோட உள்சூடு 26 டிகிரி பக்கம் இருக்கணும். கணக்கு எளுசுங்க: 26ஐ மூணால பெருக்குனா 78. அதுல அறைச் சூட்டையும் மாவுச் சூட்டையும் கழிங்க. சித்திரையில ரெண்டும் 34ன்னா மிச்சம் 10. கை பிசையற சூட்டுக்கு இன்னும் ரெண்டு கழிச்சா 8. அதாவது நேரா ஃபிரிட்ஜ் தண்ணி. மார்கழியில அறையும் மாவும் 24 இருந்தா மிச்சம் 30, ரெண்டு போக 28. பானைத் தண்ணியோட கொஞ்சூண்டு வெந்நி கலந்தாப் போதும். ‘வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க’ன்னு போட்டிருக்கற செய்முறை எல்லாம் குளுர் ஊர்க்காரங்க எழுதுனது. இங்க வெயில்ல அப்படி ஊத்துனா மாவு முக்கால் மணி நேரத்துலயே பொங்கிப் புளிச்சு, சாராய வாசம் அடிக்கும்.

தண்ணிக்கு ஆர்ஓவே போதும். உப்புத் தண்ணியில சுண்ணாம்புச் சத்து எச்சா இருந்தா மாவு வெறைச்சு, எழும்பறது தாமசமாகும். ஆர்ஓ தண்ணியும் சிறுவாணித் தண்ணியும் அதுக்கு நேரெதிர், கொஞ்சம் கூடுதலா ஒட்டும். ஒட்டுச்சுன்னா அடுத்த தடவை 5 கிராம் தண்ணியைக் கொறைங்க.

இனி பிசையறது. உப்பும் வெண்ணெயும் தவிர எல்லாத்தையும் அகலமான குண்டாவுல போட்டு, வறண்ட மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து, மூடி 20 நிமிஷம் வச்சிருங்க. இந்த 20 நிமிஷத்துல மாவு தானே தண்ணியைக் குடிச்சு, பிசையற வேலையில ஒரு பங்கை முடிச்சுக் குடுத்துரும். பொறவு உப்பைத் தூவிப் பிசையத் தொடங்குங்க.

முதல் ரெண்டு மூணு நிமிஷம் மாவு சேறாட்டம் விரலெல்லாம் அப்பிக்கும். இங்கதான் எல்லாரும் ஒரு பிடி மைதாவை அள்ளிப் போடுவாங்க. போடாதீங்க. போட்ட மாவு அத்தனையும் பிரெட்டை வெறைப்பாக்கும். கையை லேசா ஈரம் பண்ணிக்கிட்டு, உள்ளங்கை அடிப்பாகத்தால முன்னாடி தள்ளி, விரலால மடிச்சு இழுத்து, கால் சுத்து திருப்பி, மறுபடி தள்ளணும். தோளால அழுத்தக் கூடாது, உடம்புப் பாரத்தைச் சாய்க்கணும். மேடைக்கு முன்னாடி நின்னு கையைத் தொங்கப் போட்டா மணிக்கட்டு மேடை விளிம்புக்குக் கிட்ட வரணும். மேடை அதை விட உசரமா இருந்தா கீழ பலகையில உக்காந்துக்கங்க, குண்டாவுக்கு அடியில ஈரத்துணி போட்டா நகராது.

அஞ்சாவது நிமிஷத்துல வெண்ணெய். போட்டதும் மாவு துண்டுதுண்டாப் பிரிஞ்சு, கையில வழுக்கும். கெட்டுப்போச்சுன்னே தோணும். நிறுத்தாம ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் பிசையுங்க. பிரிஞ்சதெல்லாம் திரும்பி ஒண்ணு சேந்து, முன்னை விட மினுமினுப்பா வரும். எட்டாவது நிமிஷத்துல பாத்திரத்துல ஒட்டுனது பூராவும் மாவோடவே கிளம்பி வந்துரும், கை சுத்தமாகும், தொட்டா காது மடல் பதத்துல இருக்கும். 10 முதல் 12 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். சோதனைக்கு, எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி நாலு பக்கமும் மெல்ல இழுங்க. வெளிச்சம் தெரியற அளவுக்கு ஏடு மாதிரி விரிஞ்சா போதும். கோதுமை மாவு கலந்திருக்கறதால தவிட்டுத் துணுக்கு ஏட்டை அங்கங்க கிழிக்கும், அது தப்பில்லீங்க.

எண்ணெய் தடவுன போசியில போட்டு மூடி வைங்க. 34 டிகிரியில 50 நிமிஷத்துலருந்து ஒரு மணி நேரத்துல ரெண்டு பங்காகும். கடிகாரத்தை விட விரலை நம்புங்க. மாவு தொட்ட விரலால அரை இஞ்சு குத்துங்க. பள்ளம் மெதுவா பாதி மேல வந்து நின்னாச் சரி. வெடுக்குனு மேல வந்தா இன்னும் நேரமிருக்கு. வராம அப்படியே கிடந்தா தாண்டிருச்சு. ஆனி, ஆடிக் காத்துல இன்னொண்ணு: பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜன்னல் வழியா வந்து மாவு மேல தோல் கட்டீரும். அந்தத் தோல் எழும்ப விடாது, சுட்ட பொறவு பக்கவாட்டுல வெடிக்கும். துணி போட்டா ஈரத்துணியாப் போடுங்க, இல்லைன்னா மூடியே மேல்.

காத்தை மெதுவா அமுக்கி வெளியேத்தி, செவ்வகமாத் தட்டி, பாய் சுருட்டற மாதிரி இறுக்கிச் சுருட்டி, மடிப்பு கீழ இருக்கற மாதிரி டின்ல வைங்க. 35, 40 நிமிஷத்துல டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரக்கடை வரும். அதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே ஓடிஜியை மேல் கம்பி, கீழ் கம்பி ரெண்டும் போட்டு 200ல சூடேத்துங்க. கீழ்த் தட்டுல வச்சு 30லருந்து 33 நிமிஷம். 25 லிட்டர்ல மேல் கம்பி ரொம்பக் கிட்ட இருக்கும், 18வது நிமிஷம் மேல அலுமினியத் தாள் மூடுங்க. வெளிய எடுத்துக் கவுத்து, அடியில தட்டுனா கூடான சத்தம் வரணும். கம்பித் தட்டுல ஒரு மணி நேரம் ஆறுன பொறவுதான் கத்தி வைக்கணும். சூட்டோட அறுத்தா உள்ள களி மாதிரி ஒட்டும்.

கோயமுத்தூர் கிரைண்டர்ல மாவு பிசையற பாகம் வருதுதான். மணிக்கட்டு வலி இருக்கறவங்க முதல் 5 நிமிஷம் அதுல விட்டு, கடைசி 5 நிமிஷம் கையால பிசையலாம். முழுசும் அதுல விட்டா நீங்க கேட்ட விஷயமே இதுல இல்லாமப் போயிரும்.


கீழ்பவானி_வாய்க்கால் (கோபி):

அளவும் பதமும் மேலே தெளிவாக வந்துவிட்டன. மனசுப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும்போது கை சும்மா இருக்கும், இல்லையென்றால் பழகிப்போன வேலையைக் கவனமில்லாமல் செய்துகொண்டிருக்கும். மாவு பிசைவது இரண்டும் இல்லை. ஒவ்வொரு தள்ளலுக்கும் மாவு கொஞ்சம் மாறுகிறது, கை அந்த மாற்றத்தைக் கவனித்துத்தான் அடுத்த தள்ளலைச் செய்கிறது. கவனத்துக்கு இப்படி ஒரு பிடி கிடைப்பதுதான் இதில் உள்ள மருந்து. செயல்வழி சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) செய்பவர்கள் சமையலை வெகுகாலமாகப் பயன்படுத்தி வருவதற்கும் இது ஒரு காரணம். மனச்சோர்வுக்குத் தரப்படும் உளவியல் சிகிச்சைகளில் ஒன்று, ‘மனசு வந்த பிறகு செய்யலாம்’ என்று காத்திருக்காமல், சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்ய வைக்கிறது. செயல் முதலில், மனசு பின்னால். அதனால் ‘தோன்றும்போது பிசைவேன்’ என்று வைக்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆறரை மணி என்று நாளும் பொழுதும் குறித்துவிடுங்கள்.

மூச்சை இதோடு சேர்க்கலாம். தள்ளும்போது மெதுவாக வாய் வழியே விடுங்கள், மடித்து இழுக்கும்போது மூக்கால் உள்ளே வாங்குங்கள். விடுவது வாங்குவதை விடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். நினைப்பு வேறெங்கோ ஓடினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாவு இப்போது சில்லென்று இருக்கிறதா, கைச்சூடு ஏறிவிட்டதா, பாத்திரத்தில் ஒட்டிக் கிளம்பும் சத்தம் போன நிமிடத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் தண்ணீரில் பிசைவதால் முதல் இரண்டு நிமிடம் விரல் நுனி வரை குளிர் தெரியும். கவனத்தை அங்கே வைப்பது மிகவும் சுலபம்.

நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும். செல்போனில் அலாரம் வைத்தால், அதை அணைக்கப் போன கை அங்கேயே நின்றுவிடும்.

கோபம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே எதையாவது குத்தினால் கோபம் இறங்குமா என்று பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் சோதித்து 2002ல் வெளியிட்டார். இறங்கவில்லை, கூடவே செய்தது. ஆக, மாவை இன்னாருடைய முகமாக நினைத்துக் குத்துவது வேண்டாம். மாவைத் தூக்கி மேடையில் அறைந்து மடிப்பது பேக்கரி வேலையில் உள்ள முறைதான், மாவுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் எண்ணிக்கொண்டு செய்யுங்கள்: இருபது அறை, ஒரு நிமிடம் மூடி வைத்து ஓய்வு, மறுபடி இருபது. எண்ணிக்கை ஓடும் வரை ஆளை நினைக்க இடம் கிடைக்காது.

பிரெட் வராவிட்டால் வெசனமாகுமே என்றதற்கு ஒரு வழி. தொடங்கும் முன் மனப்பாரத்துக்கு 0 முதல் 10க்குள் ஒரு எண் ஒரு தாளில் எழுதுங்கள். பிசைந்து கை கழுவியதும் இன்னொரு எண். சுட்ட பிறகு எழுத வேண்டாம். பிரெட் நன்றாக வந்ததா என்பது தனிக் கணக்கு. நல்ல பிரெட் வர வேண்டும் என்று மேலே சொன்னது சரிதான். ஆனால் பிசைந்த பன்னிரண்டு நிமிடம் உங்களுக்குக் கிடைத்ததா என்பதை அடுப்பு தீர்மானிக்கக் கூடாது. எட்டு முறை எழுதிவிட்டு இரண்டு வரிசையையும் பாருங்கள். எண் இறங்கவே இல்லை என்றால் இது உங்களுக்கான வேலை இல்லை, நடையோ தோட்டமோ பாருங்கள்.

கையே எழாத நாட்கள் வரும். அதற்கு ஞாயிற்றுக்கிழமையே மைதா, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நாலு டப்பாவில் தனித்தனியாக எடை போட்டு வைத்துவிடுங்கள். உப்பும் ஈஸ்ட்டும் அன்றன்றைக்கு. முடியாத நாளில் டப்பாவைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கலப்பதோடு நிறுத்தலாம். ஃபிரிட்ஜ் இருக்கும் வரை இந்த வேலையை எந்தப் படியிலும் நிறுத்தி வைக்கலாம். ராத்திரி 9 மணிக் கேள்விக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன், அதை மேலே எழுதியவர் விவரமாகச் சொல்லட்டும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. சாப்பாட்டைப் பற்றியே ஓயாத பயமோ குற்ற உணர்வோ இருப்பவர்களுக்கு வீடு நிறைய பிரெட் இருப்பது பாரத்தைக் கூட்டும். சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே வேண்டாம். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மாவு அதற்கு மருந்து ஆகாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், செலவில்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.


பாலக்காட்டுக்காத்து (கோயமுத்தூர்):

9 மணிக் கணக்கைச் சொல்றேனுங்க. ஆறரைக்குக் கலந்து, ஆறு அம்பதுலருந்து ஏழேகால் வரைக்கும் பிசைஞ்சு எடுத்து வைக்கறதுன்னு பாத்தா, அன்னைக்கே சுட்டு முடிக்க ஒன்பதரைக்கு மேல ஆயிரும். அதனால பொழுதோட பிசைஞ்சு, மறுநாள் சுடுங்க. அதுக்கு ஈஸ்ட் 1 கிராம் போதும். மாவு ஃபிரிட்ஜ்ல வச்ச உடனே குளுந்துராது, நடுப்பாகம் ஆறவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல எடுக்கும், அது வரைக்கும் ஈஸ்ட் வேலை செஞ்சுட்டே இருக்கும். 2 கிராம் போட்டா வெள்ளென மூடியைத் தூக்கிட்டு நிக்கும். எண்ணெய் தடவுன டப்பாவுல, மாவு மூணு பங்காக இடம் விட்டு, இறுக்க மூடி உள்தட்டுல வைங்க. கதவுப் பக்கம் வேண்டாம், அங்க குளுர் பத்தாது. 12லருந்து 18 மணி நேரம் தாங்கும். எடுத்தவுடனே குளுரோடவே சுருட்டுங்க, கையில ஒட்டவே ஒட்டாது. டின்ல எழும்ப ஒண்ணேகால் மணி நேரம் குடுங்க. ருசியும் இதுலதான் எச்சு.

வெளிய எழும்பிட்டு இருக்கறப்ப ஒரம்பரை வந்துட்டாங்க, கரண்ட் போயிருச்சு, எதுனாலும் பதறாதீங்க. டின்னோட அப்படியே பிளாஸ்டிக் கவர் மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க. மூணு நாலு மணி நேரம் கழிச்சு நேரா அடுப்புல வைக்கலாம். கரண்ட் இல்லாத நேரத்துல கதவை மட்டும் திறந்து திறந்து பாக்கக் கூடாது.


கவுந்தப்பாடிச்_சர்க்கரை (ஈரோடு பக்கம்):

ஓடிஜி இல்லாதவங்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பாங்கன்னு ரெண்டு வரி. பழைய கனமான 5 லிட்டர் குக்கர், அடியில ரெண்டு டம்ளர் கல்லுப்பு, மேல ஒரு வளையம். மூடியில ரப்பரையும் வெயிட்டையும் கட்டாயம் கழட்டிருங்க, இதை மறக்கவே கூடாது. நடுத்தரத் தீயில 10 நிமிஷம் சூடேத்தி, 6 இஞ்சு வட்டப் பாத்திரத்துல மேல சொன்ன அளவுல மூணுல ரெண்டு பங்கு மாவை எழும்ப வச்சு உள்ள எறக்குங்க. பாத்திரம் குக்கர் சுவத்துல படக் கூடாது. சிறு தீக்குக் கொஞ்சம் மேல வச்சு 35லருந்து 40 நிமிஷம். மேல செவக்காது, ஆவி உள்ளயே நிக்கறதுதான் காரணம். ஆறுன பொறவு வெண்ணெய் தடவி தோசைக்கல்லுல கவுத்து ரெண்டு நிமிஷம் விட்டாச் செவந்துரும். இப்படி வெறும் சூட்டுல காஞ்ச குக்கரைத் திரும்பிப் பருப்பு வேக வைக்க எடுக்காதீங்க, தனியா ஒதுக்கிருங்க.

ராகி, கம்பு கலக்கலாமான்னு அடுத்து எப்படியும் ஒருத்தர் கேப்பாங்க. ரெண்டுலயும் மாவை இழுத்துப் பிடிக்கற பசைச்சத்து கிடையாது. வெறும் மாவாக் கலந்தா 300 கிராமுக்கு 45 கிராம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போனா உதிரும். கம்பு அரைச்சு நாளானாக் கசக்கும், ஒரு வாரத்துக்கு மட்டும் அரைங்க. ராகிக்கு நம்ம களி முறைதான் சிறப்பு. 30 கிராம் ராகியை 120 கிராம் தண்ணியில கரைச்சு, கிளறி, களியாக்கி நல்லா ஆற விடுங்க. அதுல மைதா 270, தண்ணி 90 சேத்துப் பிசையுங்க. உப்பு, ஈஸ்ட், சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் அதே அளவு. களி தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கறதால பிரெட் ரெண்டு நாளைக்கு மெத்துனு இருக்கும். பிசையறப்ப சாதா மாவை விட ஒட்டும், ரெண்டு நிமிஷம் கூட ஆகும். களி சூடா இருக்கறப்பவே ஈஸ்ட்டைப் போட்டுராதீங்க, 55 டிகிரியைத் தாண்டுனா அது செத்துரும்.

இன்னொண்ணுங்க. முழு பிரெட்டைச் சுருட்டறது கஷ்டமாத் தெரிஞ்சா அதே மாவை 8 பங்காக்கி பன் உருட்டுங்க. ஒண்ணு 66 கிராம் வரும். உள்ளங்கையைக் கிண்ணமாக் குவிச்சு, மாவை மேடையோட லேசா உரசி வட்டமாச் சுத்துனா மேல்தோல் இறுகி உருண்டையாகும். எட்டும் ஒண்ணு போல வர்றதுக்குக் கை ரொம்ப நிதானமாப் போகணும். அவசரமா உருட்டுனா அடியில பிளவு தெரியும், சுடுறப்ப அங்கதான் வாயைத் திறக்கும். 190ல 16லருந்து 18 நிமிஷம். உள்ள தேங்காப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வச்சா பேக்கரித் தேங்கா பன் மாதிரியே. பூரணம் ஈரமா இருந்தாக் கசிஞ்சு அடியில கருகும், வாணலியில ஒரு பெரட்டு பெரட்டி ஆற வச்சு வைங்க.


நொய்யல்கரை (திருப்பூர்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இதே அளவுலதான் போட்டது. பிசையறது பிடிபட்டுருச்சு, வெண்ணெய் போட்டுத் திரும்பி ஒண்ணு சேர்ற இடம் நீங்க சொன்னபடியேதான். தாள்ல எண்ணும் எறங்குது. மூணு சந்தேகம் மிச்சம். டின்ல நல்லா மேல வந்துட்டு, அடுப்புல வச்சதும் நடுவுல குழியாகுது. அடிப்பக்கம் ஒரு விரக்கடைக்கு வேகாத மாவு மாதிரி பட்டை தெரியுது. மூணாம் நாள் உள்பாகத்துல பழுத்த அன்னாசி மாதிரி வாசம், பிச்சா நூல் நூலா வருது. ஈஸ்ட் கெட்டுப் போயிருக்குமுங்களா?


பாலக்காட்டுக்காத்து (கோயமுத்தூர்):

ஈஸ்ட் இல்லீங்க. மூணுக்கும் மூணு காரணம்.

குழி விழறது, டின்ல எச்சா நேரம் விட்டதால. உள்ள காத்துப் பை இழுபட்டு மெலிஞ்சு போயி, அடுப்புச் சூடு பட்டு இன்னும் விரியறப்ப ஒடைஞ்சுருது. விளிம்புக்கு ஒரு விரக்கடை மேலங்கறது மார்கழி அளவு. சித்திரையில அடுப்புக்குப் போற வழியிலயும் எழும்பிட்டே இருக்கும். விளிம்பைத் தொட்டவுடனே உள்ள வச்சிருங்க. இதை முதல்லயே நான் பிரிச்சுச் சொல்லியிருக்கணும். ஒரு தடவை தாண்டிப் போயிருச்சுன்னா, டின்லருந்து எடுத்து அமுக்கி மறுபடி சுருட்டி வச்சாப் பெரும்பாலும் தேறிரும்.

அடிப்பட்டைக்குக் கீழ்ச்சூடு பத்தலைன்னு அர்த்தம். சூடேத்தறப்ப கீழ் கம்பி எரியுதான்னு பாருங்க, சில ஓடிஜியில திருகு தனி. டின்னுக்கு அடியில தட்டம் எதுவும் போடாதீங்க, கம்பித் தட்டு மேல நேரா வைங்க. 28வது நிமிஷம் பிரெட்டை டின்லருந்து கவுத்து எடுத்து, வெறும் பிரெட்டாக் கம்பித் தட்டுல 5 நிமிஷம் வச்சா அடி காஞ்சு செவக்கும். சூட்டுமானி இருந்தா நடுவுல குத்திப் பாருங்க, 94 டிகிரி காட்டணும்.

மூணாவதுதான் முக்கியமுங்க. நூல் விடறதும் பழ வாசமும் மாவுல இருக்கற ஒரு கிருமியோட வேலை. அதோட வித்து பிரெட் உள்ள இருக்கற சூட்டுல சாகாது, ஏன்னா நடுப்பாகம் 100ஐத் தொடறதே இல்லை. வெயில் காலத்துல, அதுவும் ஆறாம பிளாஸ்டிக் கவர்ல போட்டா, ரெண்டு மூணு நாள்ல பெருகிரும். அந்த பிரெட்டைச் சாப்பிடவே வேண்டாம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூடப் போடாதீங்க. டின், கத்தி, வெட்டற பலகை, மாவு டப்பா எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகர் தண்ணியில தொடைச்சு வெயில்ல காய வைங்க. மாவை மாத்துங்க. அடுத்த தடவையிலருந்து ஐப்பசி வரைக்கும் 300 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூன் வினிகரைத் தண்ணியோட சேத்து ஊத்துங்க. புளிப்பு ஏறுனா அந்தக் கிருமி வளராது, ருசியில வித்தியாசம் தெரியாது.

வெயில் காலத்துல பிரெட்டை வெளிய ஒரு நாளைக்கு மேல வைக்காதீங்க. ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சா வறண்டு உதிரும். முழுசா ஆறுனதும் அறுத்து, ரெண்டு ரெண்டு துண்டாச் சுத்தி ஃபிரீசர்ல போட்டுருங்க. காலையில எடுத்து உறைஞ்சபடியே தோசைக்கல்லுல சிறு தீயில மூடி வச்சு, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம். ஊத்துக்குளி வெண்ணெய் இருந்தா கல்லுலருந்து எடுத்த பொறவு தடவுங்க, கல்லுலயே போட்டாக் கருகும்.